தெருவுக்கு ஒரு நாய்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பழைய எக்ஸ்ரே படங்களை நறுக்கி நாய்களுக்குக் கழுத்துப் புனல் செய்தது. அறுவை சிகிச்சை நடந்த நாய் தையலை நக்கிப் பிரித்துவிடும். அதைத் தடுக்கக் கழுத்தைச் சுற்றிப் புனல் வடிவில் ஒன்றை மாட்டுவார்கள். கடையில் வாங்கினால் விலை அதிகம். ஸ்கேன் எடுக்கும் இடம் ஒன்றில், யாரும் வந்து வாங்கிப் போகாத படங்களைக் கட்டுக் கட்டாகக் குப்பையில் போட இருந்தார்கள். அம்மா கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

சனிக்கிழமை மாலை. சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தோம். என் வேலை, தொழிற்சாலைக் கருவிகள் காட்டும் அளவு சரியா என்று சோதிப்பது. பழக்கதோஷம். கழுத்துச் சுற்றளவையும் மூக்கின் நீளத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு ஒரு அட்டையில் வரையத் தொடங்கினேன்.

“நீ கணக்குப் போட்டு முடிக்கிறதுக்குள்ள அது நக்கியே தீர்த்துடும். தள்ளு,” என்று அம்மா சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டாள். அவள் வெட்டியது தொளதொளவென்று தொங்கியது. நான் வெட்டியது கழுத்தை நெரிக்கும்போல இருந்தது. கடைசியில் இரண்டுக்கும் நடுவே ஒரு அளவுக்கு வந்தோம்.

வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு படத்தையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

“யாரோ மகராசன். விலா எப்படி வரிசையா இருக்கு பாரு.”

“அந்த ஆள் திரும்பி வந்து என் படம் எங்கன்னு கேட்டா?” என்றார் அப்பா, நாற்காலியிலிருந்து.

“நாய்கிட்ட இருக்குன்னு சொல்லுங்க. எலும்புதானே, போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கு.”

ஓரங்கள் கழுத்தைக் கிழிக்காமல் இருக்கத் துணி நாடா ஒட்டினோம். பாதியில் அம்மா கத்தரியைக் கீழே வைத்தாள்.

“நாளைக்குத் தையற்காரர் தெருவுக்குப் போகணும். நினைச்சாலே அலுப்பா இருக்கு.”

“போன்ல சொல்லிடேன்மா.”

“ரீடிங்கை போன்ல எடுக்க முடியுமா?”

“இப்பல்லாம் அப்படித்தான் எடுக்கறாங்க.”

“அதான் பில்லு அந்த லட்சணத்துல வருது.”

அம்மா மின்சார அலுவலகத்தில் மீட்டர் ரீடிங் எடுப்பவளாக இருந்தாள். சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை அதே வேலை. ஊரில் பாதிப் பேர் அவளை மீட்டரக்கா என்றார்கள். மீதிப் பேர் மீட்டரம்மா என்றார்கள். மீட்டர்கள் மாடிப்படிக்குக் கீழே இருக்கும், துணி துவைக்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கும். பெரும்பாலும் நாய் கட்டியிருக்கும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும். கெண்டைக்காலிலும் மணிக்கட்டிலும் கடி வாங்கியிருக்கிறாள். அலுவலகத்தில் ஒரு தடி கொடுத்தார்கள். தடியைப் பார்த்தால் நாய்க்குக் கோபம் கூடுகிறது என்று, அதை எங்கள் வீட்டுத் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள். பையில் ரொட்டித் துண்டு வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கடி குறைந்தது. ரொட்டிச் செலவு கூடியது.

வீடு பூட்டியிருந்தால் போன மாதக் கணக்கைப் பார்த்து ஒரு உத்தேச எண்ணை எழுதிவிட்டு வருவது அங்கே வழக்கம். அம்மா எழுதமாட்டாள். மறுநாள் திரும்பப் போவாள். மேலதிகாரி ஒருமுறை கேட்டாராம், “உனக்கென்ன தலையெழுத்தாம்மா, பூட்டின வீட்டுக்கு நடையா நடக்கற?”

“பார்க்காம எழுதினா நாளைக்கு அவங்க வந்து என்னைத்தானே சார் கத்துவாங்க. நீங்களா வாங்கிக்குவீங்க?”

இதில் பெரிய கொள்கை ஒன்றும் இல்லை. திட்டு வாங்கப் பிடிக்காது, அவ்வளவுதான். ஆனால் அது அவள் உடம்பில் ஊறிவிட்டது.

நாய்க் காப்பகத்துக்கு அவள் போனதும் ஒரு மீட்டரால்தான். ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு. ஒரு வீட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். கட்டியிருந்த நாயை அவிழ்க்கவில்லை. அம்மா போனபோது மீட்டர் ஓடவில்லை. நாய் மட்டும் இருந்தது. பல வருடம் அவளைக் கேட்டோடு நிறுத்தி வைத்துக் குரைத்த நாய். அன்று எழுந்திருக்கவே இல்லை. ஆட்டோ பிடித்துக் காப்பகத்துக்குக் கொண்டுபோனாள்.

காப்பகம் இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். ஓட்டுக் கிடங்கு ஒன்றின் பின்பக்கம். தகரக் கூரை. சுவரையொட்டிக் கூண்டுகள். டாக்டரம்மா ஒருவர், கூண்டு கழுவ ஒரு ஆள். சோறு போட ஊரில் ஆட்கள் இருந்தார்கள். பிறந்த நாள், மண நாள் என்று அண்டாவில் கொண்டுவந்து போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஊசிக்கும் மருந்துக்கும்தான் பணம் இல்லை. சிறுநீரகம் கெட்ட கிழட்டு நாய்க்கு மாதாமாதம் ஊசி போடுவதோடு யார் படம் எடுத்துக்கொள்வார்கள்?

நான் இணையத்தில் ஒரு பக்கம் போட்டுக் கொடுத்தேன். கண்ணில் ஈரம் தெரிகிற குட்டிக்குப் பணம் வந்தது. சொறி பிடித்துத் தோல் உரிந்த நாய்க்கு ஒன்றும் வரவில்லை. பிறகு குட்டிக்கும் நின்றது.

“எல்லா நாய்க்கும்னு கேட்டா யாரோட நாயும் இல்லாம போயிடுது,” என்றாள் அம்மா. “தெருவுக்கு ஒண்ணு பிரிச்சுக் குடுத்துடலாம்.”

அப்படித்தான் செய்தாள். அவள் ரீடிங் எடுத்த தெருக்களேதான். ஒரு தெருவுக்கு ஒரு நாய். அதன் வைத்தியச் செலவு அந்தத் தெருவுடையது. பெயரும் அவர்களே வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை அம்மா போவாள். இடப்பக்க வீடுகளைப் பார்த்துக்கொண்டே தெரு முனை வரை, பிறகு திரும்பி வலப்பக்க வீடுகள். கேட்டைத் தாண்டி உள்ளே போகமாட்டாள். தண்ணீர்கூட வாங்கமாட்டாள். நின்றபடி சொல்வாள்: எடை இவ்வளவு, காய்ச்சல் இல்லை, நேற்று பாதிச் சோறு சாப்பிட்டது, புண் எலுமிச்சை அளவு இருந்தது இப்போது கொட்டைப் பாக்கு அளவு. பாவம், ஐயோ என்ற சொற்கள் வராது. சொல்லி முடித்த பிறகுதான் கையை நீட்டுவாள். கிளம்புவதற்கு முந்தின நாள் காப்பகத்துக்குப் போய் ஒவ்வொரு நாயையும் தன் கண்ணால் பார்த்துவிட்டு வருவாள்.

மக்கள் விசித்திரமானவர்கள். பொதுவாகக் கேட்டபோது முகம் திருப்பியவர்கள், தங்கள் தெரு நாய் என்றதும் சண்டைக்கு வந்தார்கள்.

“பக்கத்துத் தெரு நாய்க்கு ரெண்டு ஊசியாமே. எங்க நாய்க்கு ஏன் ஒண்ணு?”

“அதுக்கு வியாதி ஜாஸ்திங்க.”

“எங்க தெருக்காரங்களை எளைச்சவங்கன்னு நினைச்சுட்டீங்களா?”

எல்லோரும் இப்படி இல்லை. அம்மா தெருவுக்குள் நுழைவது தெரிந்ததும் டிவியை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருக்கும் வீடுகளும் உண்டு. “மீட்டர் எடுக்கப் போனப்பகூட யாரும் ஒளியல,” என்று வந்து சொல்வாள். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்து உட்காருவாள். வெந்நீர் போடுவது அப்பாவின் வேலை.

“ஊரு நாய்க்கெல்லாம் டாக்டர் இருக்கு. உன் முட்டிக்கு யாரு இருக்கா?”

“நீங்க இருக்கீங்களே.”

“நான் டிப்போவுல டயர் மாத்தினவன். மாத்திடவா?”

அந்த இரண்டு மூன்று வருடங்களில் அம்மா அதிகம் சொன்ன சொல் அலுப்பு. கேட்டு வாங்குவது ஒரு அலுப்பு. வாங்கின பிறகு மாதாமாதம் போய்ப் பதில் சொல்வது அதைவிடப் பெரிய அலுப்பு. விட்டுவிடேன் என்று நான் சொன்னதுண்டு. “விட்டா ஊசியை யாரு நிறுத்தறது, நானா அவங்களா?” என்பாள்.

தையற்காரர் தெரு எடுத்துக்கொண்டது அங்கேயே திரிந்த நாயை; பெயர் மேனேஜர். தையற்கடை வாசலில் நாள் முழுக்கப் படுத்தபடி, எந்த வேலையும் செய்யாமல், வருகிறவன் போகிறவனை எல்லாம் ஏற இறங்கப் பார்க்கும். அதனால் அந்தப் பெயர். ஒரு வேன் அதன் பின்னங்காலில் ஏறியது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டரம்மா சொன்னார், “எடுத்துடலாம்மா. மூணு கால்ல நல்லாவே ஓடும். செலவும் கம்மி. தகடு வெச்சா காலைக் காப்பாத்தப் பார்க்கலாம். ஆனா செலவு பல மடங்கு. ஒட்டும்னு உறுதி சொல்லமாட்டேன்.”

அம்மா இதை அப்படியே தெருவில் வந்து சொன்னாள். தையற்கடை முன் கூட்டம் கூடியது.

“மேனேஜர் காலை எடுக்கறதா? யாரைக் கேட்டு?” என்றார் தையற்காரர்.

எதிர்ப்பக்கத்து மாடிவீட்டம்மா அதுவரை கேட்டைத் திறந்ததே இல்லை. அன்று கீழே இறங்கி வந்தார். “தகடே வைங்க. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வெச்சிருக்கேன். சுவரு எங்கயும் ஓடிடாது.”

தெரு முழுவதும் கொடுத்தது. தகடு வைத்தார்கள்.

அடுத்த மாத முறை வந்தபோது விடாத மழை. அம்மாவின் முழங்கால் வீங்கியிருந்தது. இரண்டு பஸ் மாறிப் போக முடியவில்லை. கூண்டு கழுவும் ஆளுக்குப் போன் செய்தாள். அவர் ஒரு படம் அனுப்பினார். மேனேஜர் நான்கு கால்களும் தரையில் இருக்க நிற்கிறது. அம்மா அந்தப் படத்தைப் பார்த்தாள். குடையை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனாள்.

“ஒட்டிடுச்சு. நாலு காலையும் ஊனி நிக்குது,” என்றாள், இரண்டு பக்கத்திலும், ஒவ்வொரு கேட்டிலும்.

தெருவே சந்தோஷப்பட்டது. தையற்காரர் எல்லோருக்கும் டீ சொன்னார். அம்மாவும் குடித்தாள். பார்க்காமல் ரீடிங் சொன்னது அவள் வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான் என்று நினைக்கிறேன். ஏன் அப்படிச் செய்தாள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அலுப்பு என்பதற்கு மேல் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

மழை விட்டதும் காப்பகத்துக்குப் போனாள். மேனேஜர் நிற்கத்தான் நின்றது. ஆனால் அந்தக் காலின் விரல் நுனி மட்டும் தரையைத் தொட்டது, பாரம் இறங்கவில்லை. கிட்டே போனதும் நாற்றம் வந்தது. படத்தில் நாற்றம் தெரியாது.

டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தார். தகட்டைச் சுற்றி எலும்பில் சீழ் பிடித்திருந்தது.

“தகட்டையும் எடுக்கணும், காலையும் எடுக்கணும். விட்டா ரத்தத்துல கலந்துடும். அடுத்த வாரத்தைத் தாண்டக் கூடாதும்மா.”

இதுதான் நிலைமை. இன்னொரு அறுவை சிகிச்சை. அதே தெருவில், அதே ஆட்களிடம், கால் ஒட்டிவிட்டது என்று டீ குடித்தவர்களிடம் போய் நிற்க வேண்டும்.

“காய்ச்சல்னு சொல்லி வாங்கிக்கோ. அப்புறம் மெல்லச் சொல்லிக்கலாம்,” என்றார் அப்பா.

“பொய்யும் சொல்லி, அதை ஞாபகமும் வெச்சுக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல.”

“செலவை நான் கட்டிடறேன்மா,” என்றேன் நான்.

“கட்டு. வேண்டாங்கல. ஆனா நான் சொன்னது தப்புன்னு வேற யார் வாயிலயாவது கேட்டாங்கன்னு வை, அப்புறம் நான் எந்தத் தெருவுல எந்த நாயைப் பத்தி என்ன சொன்னாலும் நம்பமாட்டாங்க. கேட்டு மூடிடும். அத்தனை நாய்க்கும் நீ கட்டுவியா?”

சனிக்கிழமை கத்தரியைக் கீழே வைத்தது இதை நினைத்துத்தான்.

ஞாயிறு காலை போனாள். அங்கே நடந்ததைத் தையற்காரர் பிறகு என்னிடம் சொன்னார். முதல் வீடு அவருடையது.

“எப்பவும்போல கேட்டுக்கு வெளியவே நின்னாங்க. போன தடவை நான் சொன்னது தப்பு, பார்க்காம சொல்லிட்டேன், கால் ஒட்டல, எடுக்கணும்னாங்க. எனக்கு வந்த கோபத்துல, அப்ப நாங்க குடிச்ச டீ என்னம்மா ஆச்சுன்னு கேட்டுட்டேன்.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“டீக் காசு நான் தந்துடறேன்னாங்க. சிரிப்பும் வருது, அழுகையும் வருது. மறுபடி குடுத்தேன்.”

அடுத்த வீட்டில், “நாங்க குடுத்ததெல்லாம் போச்சா?” என்று கேட்டார்கள். போச்சு என்றாள். ஒருவர் கதவைச் சாத்தினார். ஒருவர் உள்ளே போய் மனைவியிடம் பேசிவிட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு கேட்டிலும் அதையே முதலிலிருந்து சொன்னாள். தெரு முனையில் தண்ணீர்த் தொட்டியின் படியில் உட்கார்ந்தாள். தையற்காரர் குடை கொண்டுபோனார்.

“மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கறேன்,” என்றாளாம். “எதிர்ப்பக்கத்துல நீங்க யாரும் சொல்லிடாதீங்க. வாய் மாறி வாய் போனா, கால் போனது உயிர் போனதா ஆயிடும். நான் வந்து சொல்றேன்.”

ஒரு பக்கம் மட்டும் முடித்துவிட்டு அவள் அதற்கு முன் ஒருநாளும் திரும்பியதில்லை. ஆட்டோவில் வந்து இறங்கினாள். வெந்நீர் வேண்டாம் என்றாள். படுத்தாள். மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். மருத்துவமனைக்குப் போகும் வழியில் என் கையைத்தான் பிடித்திருந்தாள். அன்று மாலையே போய்விட்டாள். டாக்டர்கள் சொன்ன நோயின் பெயர் எனக்குப் புரிகிற பெயர்தான். புரிந்து என்ன ஆகப் போகிறது.

மறுநாள் வீட்டில் நாற்காலி போதவில்லை. ரீடிங் எடுத்த வீடுகளிலிருந்து யார் யாரோ வந்தார்கள். அம்மா ஒருநாளும் தங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். தையற்காரர் தெருவும் வந்தது, இரு பக்கமும்.

மாடிவீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“போன மாசம் மழையில நனைஞ்சுக்கிட்டு வந்து சொன்னாங்கம்மா. மேனேஜர் நாலு காலையும் ஊனி நிக்குதுன்னு. முகத்துல என்ன ஒரு சந்தோஷம். அதான் கண்ணுலயே நிக்குது.”

பக்கத்தில் தையற்காரர் இருந்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்யத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் இடப்பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர், பரீட்சையில் கேள்வி தன்னிடம் வந்துவிடக் கூடாது என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்போலத் தரையைப் பார்த்தார்கள். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

அம்மாவை எடுத்து ஒரு நாள்கூட ஆகவில்லை. அந்த இடத்தில் எனக்குச் சொல்ல வரவில்லை.

டாக்டரம்மா யாரையும் கேட்கவில்லை. அந்த வாரமே காலை எடுத்துவிட்டார். நான் போய்ப் பார்த்தேன். மேனேஜர் எழுந்தது, சாய்ந்தது, மறுபடி எழுந்தது. இல்லாத காலை ஊன்றப் பார்த்தது. பிறகு மூன்று காலில் தண்ணீர்க் கிண்ணம் வரை போய்க் குடித்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது. சீழ் இல்லை. பாதிச் சோறு சாப்பிட்டது. பிழைத்துக்கொள்ளும்.

“பணம் மெல்ல வரட்டும்,” என்றார் டாக்டரம்மா. “ஆனா மத்த நாயெல்லாம் இருக்கு. இந்த மாசம் தெருவுக்கு யார் போறது?”

அதே கேள்வியைத்தான் எல்லாத் தெருக்களும் கேட்கின்றன. அம்மாவின் போன் இப்போது என்னிடம் இருக்கிறது. எங்க நாய் என்ன எடை, ஊசி போட்டாச்சா, நீங்க வருவீங்களா. தெரியாததைச் சொல்லக் கூடாது என்று போனை எடுக்காமல் விடுகிறேன். சிறுநீரக நாயின் ஊசி மருந்து தீரப் போகிறது.

நேற்றுத் தையற்காரர் கூப்பிட்டார்.

“எதிர்ப்பக்கத்துக்காரங்க தினமும் வந்து கேக்கறாங்கம்மா, மேனேஜர் எப்ப வரும்னு. நான் துணியைப் பார்த்துக் குனிஞ்சுக்கறேன். உங்கம்மா சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. என் வாயைப் பத்தித் தெருவுல கேட்டுப் பாருங்க. உளறிடுவேன்னு என் பொண்டாட்டி இப்ப என்னை வெளிய அனுப்பறதே இல்ல. சீக்கிரம் யாராவது வந்து சொல்லித் தொலைங்க.”

“வரேன்.”

“நீங்களே வருவீங்களா?”

“நானேதான்.”

போனை வைத்ததும் அப்பா கேட்டார், “என்ன சொல்லப் போற?”

“கால் இல்லன்னு.”

“உங்கம்மாவைத் திட்டுவாங்க.”

“திட்டட்டும்பா.”

அவர் எழுந்து ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். பிறகு, “மழைக்காலம், குடை எடுத்துக்கோ,” என்றார்.

நாளைக் காலை முதலில் காப்பகம். அதன் பிறகு தெரு. தண்ணீர்த் தொட்டியிலிருந்து திரும்பி, வலப்பக்கம். அந்தப் பக்கம் இன்னும் ஒரு வீடும் ஆகவில்லை.